குளியலறைக்கு வந்த செம்பனை

சோப்பு வாங்கும்போது நாம் உறையின் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். ஈப்போவின் ஜெலாப்பாங் மளிகைக்கடைகளில் அடுக்கியிருக்கும் சோப்பு உறைகளில் மல்லிகை இருக்கிறது, சந்தனக்கட்டை இருக்கிறது, வேப்பிலை, மஞ்சள், பாதியாக உடைத்த தேங்காய் எல்லாம் இருக்கின்றன. செம்பனைக் குலையின் படம் போட்ட உறையை நான் பார்த்ததில்லை. அதே உறையைத் திருப்பினால் பொடி எழுத்தில் முதலில் நிற்கும் இரண்டு பெயர்கள் பெரும்பாலும் இவைதான்: சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட். முன்னது செம்பனைப் பழத்தின் சதை எண்ணெயிலிருந்து வந்த சவர்க்காரம். பின்னது அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெயிலிருந்து வந்தது. எந்தப் பொருள் அதிகமோ அதை முதலில் எழுதுவது இந்தப் பட்டியல்களின் முறை. மல்லிகையும் சந்தனமும் வாசனையோடு முடிந்துவிடுகின்றன. கையில் பிடிக்கும் கட்டி செம்பனை.

நம் வீடுகளில் பாமாயிலுக்கு மரியாதை குறைவு. 2 வெள்ளி 50 காசுக்கு அரசாங்க உதவித்தொகையில் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய், பொரிப்பதற்கு ஆகும் எண்ணெய் என்பதோடு சரி. தலைக்கும் உடம்புக்கும் என்றால் தேங்காயெண்ணெய், வசதி இருந்தால் ஆலிவ் எண்ணெய். "பாமாயில் சோப்பா, தோல் வறண்டு போகும்" என்று சொல்பவர்கள் பலர். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எண்ணெயை மரத்தின் பெயரை வைத்து எடைபோடக் கூடாது. அதில் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது, பழம் எவ்வளவு கெடாமல் ஆலை போய்ச் சேர்ந்தது, இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும். இரண்டாவதைப் பேராக் தோட்டங்களில் வேலை செய்த நம் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள்.

பழுத்த செம்பனைப் பழம் ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள். கட்டைவிரல் பருமன் இருக்கும். வெளியே கறுப்பும் சிவப்பும் கலந்த மினுமினுப்பான தோல். உள்ளே நார் நாராக ஆரஞ்சு நிறச் சதை. விரலால் அழுத்தினாலே எண்ணெய் கசியும், பட்ட சட்டையில் கறை லேசில் போகாது. சதைக்கு நடுவே கறுத்த கெட்டியான ஓடு. ஓட்டை உடைத்தால் தேங்காய்ப் பருப்பைப் போலவே வெண்மையான சிறு பருப்பு. கத்தியின் ஒரே வெட்டில் இரண்டு வேறு எண்ணெய்கள் தெரிகின்றன. இப்படி ஒரே பழத்தில் முற்றிலும் மாறுபட்ட இரண்டு எண்ணெய்களை வணிக அளவில் தரும் பயிர் அபூர்வம்.

சதை எண்ணெயில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம், 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஒலியிக் அமிலம், 10 விழுக்காடு அளவில் லினோலியிக் அமிலம், மிச்சத்தில் ஸ்டியரிக் அமிலம். பருப்பெண்ணெயின் கணக்கு இதற்குச் சற்றும் பொருந்தாது. அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், அடுத்து 16 விழுக்காடு அளவில் மிரிஸ்டிக் அமிலம். தேங்காயெண்ணெயிலும் லாரிக் அமிலம் கிட்டத்தட்ட இதே பாதிதான். கொழுப்பு அமிலக் கணக்கை மட்டும் எழுதி மரத்தின் பெயரை மறைத்துவிட்டால், பருப்பெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் பிரித்துச் சொல்ல வேதியியல் படித்தவரும் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு மற்றொன்றை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவதற்கு இயற்கையில் காரணம் கிடையாது.

இந்த மரம் நம் மண்ணுக்குரியதும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. அங்கே யொருபா மக்கள் வாழைத்தோல், கொக்கோ ஓடு போன்றவற்றின் சாம்பலைக் கரைத்து, செம்பனை எண்ணெயோடும் பருப்பெண்ணெயோடும் காய்ச்சிக் கறுப்புச் சவர்க்காரம் செய்யும் வழக்கம் பழமையானது. 1848-இல் 4 கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் அழகுக்கு வளர்க்கும் மரங்களாகப் பரவின. மலாயாவில் வணிகத்துக்கான முதல் செம்பனைத் தோட்டத்தை 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் எஸ்டேட்டில் போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவரே பின்னர் இந்த மண்ணை வைத்து 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார்.

பேராக்கில் முதலில் வந்தது ரப்பர். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஈப்போவைச் சுற்றி, ஜெலாப்பாங்கைத் தாண்டி வடக்கே செம்மோர், சுங்கை சிப்புட் வரை, நம்மவர்கள் வாழ்ந்ததெல்லாம் பால்மரக் காடுகளில்தான். 1960-களுக்குப் பிறகு ரப்பர் விலையைச் செயற்கை ரப்பர் அமுக்க, தோட்ட முதலாளிகள் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனையை நட்டார்கள். உளி பிடித்த கைகள் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைப் பிடிக்கப் பழகின. செம்பனைக்கு ரப்பரைவிட ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. பின்னால் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் கைமாறியபோது லயங்கள் காலியாகி, குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன. இன்று ஜெலாப்பாங், சிலிபின், மெங்லெம்பு பக்கம் குடியிருக்கும் பலருடைய குடும்பக் கதையில் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும்.

ரப்பர் மரமும் எண்ணெய் தரும். வெயில் காலத்தில் காய் படீரென்று வெடித்துச் சிதறும் கொட்டைகளைத் தோட்டத்துப் பிள்ளைகள் பொறுக்கி, சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, அடுத்தவன் கையில் வைத்து அலறவிடும் விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கொட்டைப் பருப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் உண்டு. இந்தியாவில் அதைச் சோப்பிலும் வண்ணப்பூச்சிலும் சேர்க்கிறார்கள். குளியல் சோப்புக்கு அது முதல் தரமாகாததற்குக் காரணம் அதன் லினோலியிக், லினோலெனிக் அமிலங்கள். இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த இந்த அமிலங்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் தாக்கும். சோப்பு இளகலாகவும் இருக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். அதே குணம் வண்ணப்பூச்சுக்கு வரம், ஏனென்றால் காற்றில் காய்ந்து படலமாகிறது. செம்பனை எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. காற்று அதை அவ்வளவு எளிதில் கெடுக்காது.

ஆனால் வேறொன்று கெடுக்கும். செம்பனையின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கொழுப்பு என்பது மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரின் மூலக்கூறோடு பிணைந்து நிற்பது. இந்தப் பிணைப்பை அறுக்கும் லிப்பேஸ் என்ற நொதி செம்பனைச் சதையிலேயே இருக்கிறது. பழம் முழுசாக இருக்கும்வரை எண்ணெயும் நொதியும் தனித்தனியே கிடக்கும். பழம் அடிபட்டு நசுங்கிய கணத்தில் இரண்டும் கலக்கின்றன. கொழுப்பு உடைந்து, கட்டவிழ்ந்த கொழுப்பு அமிலம் சேரத் தொடங்குகிறது. எண்ணெய் புளிக்கிறது, சுத்திகரிப்பில் இழப்பு கூடுகிறது, விலை இறங்குகிறது. கச்சா செம்பனை எண்ணெய் வியாபாரத்தில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதனால்தான் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கங்காணிகள் விரட்டினார்கள். ஆலையில் முதல் வேலை பிழிவது அல்ல, வேகவைப்பது. குலைகளை இரும்புக் கலத்தில் அடைத்து 130, 140 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவிக்கிறார்கள். அந்தச் சூட்டில் நொதி செத்துவிடுகிறது, பழமும் காம்பைவிட்டுக் கழன்றுகொள்கிறது.

குலையை எப்போது வெட்டுவது என்பது இன்னும் நுணுக்கம். காயாக வெட்டினால் எண்ணெய் குறைவு, ஏனென்றால் கடைசி வாரங்களில்தான் சதையில் எண்ணெய் ஊறுகிறது. கனிந்து தள்ளினால் பழம் உதிர்ந்து அடிபட்டு அமிலம் ஏறும். வெட்டுபவர் நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து தரையைப் பார்ப்பார். அடியில் எத்தனை பழம் உதிர்ந்து கிடக்கிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரநூல் இதையே எழுதி வைத்திருக்கிறது: பழுத்த குலை என்றால் குறைந்தது 10 பழமாவது உதிர்ந்த வெற்றுக் குழிகள் தெரிய வேண்டும். உதிர்ந்ததையெல்லாம் மண்ணில்லாமல் பொறுக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. முள் குத்தும், முதுகு ஒடியும், கூலி குறைவு. உதிரிப் பழத்தில்தான் எண்ணெய் மிகுதி என்பதால் அந்த வேலையின் மதிப்பு கூலியில் எழுதியிருந்ததைவிடப் பல மடங்கு.

பெண்கள் செய்த மற்றொரு வேலை இன்று பெரும்பாலும் மறந்தே போய்விட்டது. 1981-க்கு முன் மலாயாத் தோட்டங்களில் செம்பனைப் பூக்கள் தாமாகச் சரியாகக் காய்ப்பதில்லை. ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் பவுடரோடு கலந்து, சிறு குழாயால் ஒவ்வொரு பெண் பூங்கொத்திலும் ஊத வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் இதைக் கையாலேயே செய்தார்கள். காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அப்போது நம்பினார்கள். கேமரூனில் வேலை செய்துவிட்டு மலேசியா வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற யூனிலீவர் தோட்ட நிர்வாகிக்கு இதில் சந்தேகம். கேமரூனில் மழைக்காலத்திலும் யாரும் ஊதாமலேயே மரம் நன்றாகக் காய்த்தது, அங்கே பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதை அவர் பார்த்திருந்தார். பாகிஸ்தானிய பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத் கேமரூன் போய் ஆராய்ந்து, வேலையைச் செய்வது எலைடோபியஸ் காமரூனிகஸ் என்ற கூன்வண்டு என்று நிறுவினார். ஆண் பூவில் முட்டையிட்டு வளரும் இந்த வண்டு, பெண் பூவின் வாசனைக்கும் ஏமாந்து வந்து மகரந்தத்தை உதறிவிட்டுப் போகும். மற்றப் பயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்தபின் 1981-இல் ஜொகூரில் அதை விட்டார்கள். சில மாதங்களில் நாடு முழுவதும் பரவியது.

சோப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மகரந்தம் சேராத பூ, பருப்பில்லாத சோடைப் பழமாக நிற்கும். வண்டு வந்தபின் ஒவ்வொரு குலையிலும் கருக்கட்டிய பழங்கள் கூடின. சதை எண்ணெயைவிடப் பருப்பு விளைச்சல் வேகமாக உயர்ந்தது. லாரிக் அமிலத்துக்காக உலகம் பெரிதும் தேங்காயை நம்பியிருந்த நிலை அத்தோடு மாறத் தொடங்கியது. 1980-களில் மலேசியாவில் கொழுப்பு வேதிப்பொருள் ஆலைகள் பெருகியதற்கு இந்தப் பருப்பும் ஒரு காரணம். கையால் மகரந்தம் ஊதிய பெண்களுக்கு அந்த வேலை போய்விட்டது என்பதையும் இதே வரியில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி சோப்புச் சட்டிக்கு வருவோம். கொழுப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, சேர்ந்தால் கிளிசரின் தனியே விலகுகிறது. கொழுப்பு அமிலம் ஒவ்வொன்றும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு சவர்க்காரமாகிறது. கொழுப்பின் உள்கட்டமைப்பு இதுதான் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் செவ்ரல் காட்டினார். அதற்கு முன்பும் ஆயிரம் ஆண்டுகளாகச் சோப்புக் காய்ச்சினார்கள், ஆனால் ஏன் ஒரு தடவை நன்றாக வருகிறது, மறு தடவை கையைப் பொசுக்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செவ்ரலின் வேலைக்குப் பிறகு எண்ணெய்க்கு எவ்வளவு சோடா என்று கணக்குப் போட முடிந்தது.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கிலோ செம்பனைச் சதை எண்ணெய் முழுதாகச் சவர்க்காரமாக ஏறத்தாழ 140 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே ஒரு கிலோ பருப்பெண்ணெய்க்குச் சுமார் 175 கிராம், தேங்காயெண்ணெய்க்கு 180 கிராமுக்குச் சற்று மேல். காரணம் எளிது. லாரிக் அமிலத்தில் 12 கார்பன் அணுக்கள்தான், பால்மிட்டிக்கில் 16. சங்கிலி குட்டையாக இருந்தால் ஒரு கிலோவில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு சோடா தேவைப்படுகிறது. தேங்காயெண்ணெய்க்கு எழுதிய அளவை அப்படியே பாமாயிலுக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு 40 கிராம் சோடா வேலையின்றிக் கட்டியில் தங்கிவிடும். அந்தச் சோப்பு தோலைப் புண்ணாக்கும். "பாமாயில் சோப்பு எரிகிறது" என்ற பேச்சு வீட்டுச் சோப்பில் எழுந்தால், எண்ணெயைச் சந்தேகிப்பதற்கு முன் தராசைச் சந்தேகியுங்கள்.

சங்கிலியின் நீளம்தான் நுரையையும் தீர்மானிக்கிறது. 12 கார்பன் சவர்க்காரம் தண்ணீரில் சட்டென்று கரையும், பெரிய குமிழாகப் பொங்கும், அழுக்கை வேகமாக எடுக்கும், கூடவே தோலின் சொந்த எண்ணெயையும் எடுத்துவிடும். 16, 18 கார்பன் நிறைவுற்ற சவர்க்காரம் மெதுவாகக் கரையும், பொடிக் குமிழாகப் பாலாடைபோல் நுரைக்கும், கட்டியைக் கெட்டியாக வைத்திருக்கும். ஒலியிக் அமிலச் சவர்க்காரம் மென்மையானது, ஆனால் கட்டியை இளக்கும். தனித் தேங்காயெண்ணெயில் செய்த சோப்புதான் வறட்சிக்குப் பெயர்போனது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தொழிற்சாலைகள் பொதுவாகச் சதை எண்ணெய் 80 பங்கு, பருப்பெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் 20 பங்கு என்று கலக்கின்றன. கெட்டிக்கு ஒன்று, நுரைக்கு ஒன்று. நம் பழத்தில் இரண்டும் ஒரே தோலுக்குள் இருப்பதுதான் சோப்புத் தொழில் செம்பனையை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம்.

1974-இல் பேராக்கின் தெலுக் இந்தானுக்கு அருகில், ஜெண்டராட்டா தோட்டத்தில், யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் இந்தியாவின் டாடாவோடு கூட்டாக யூனிட்டாட்டா என்ற சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது. தமிழ்நாட்டு வீடுகளில் அன்று புழங்கிய ஹமாம் சோப்பும் அப்போது டாடாவின் தயாரிப்புதான். தோட்டத்தில் பழம் பொறுக்கிய தமிழரும் கடலுக்கு அப்பால் ஹமாம் தேய்த்துக் குளித்த தமிழரும் ஒரே வியாபாரச் சங்கிலியின் இரண்டு முனைகளுக்கு அருகே நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வீட்டில் சோப்புச் செய்பவர்கள் கடையில் வாங்கும் பாக்கெட் எண்ணெயைத்தான் எடுக்கிறார்கள். அது முழுச் செம்பனை எண்ணெய் அல்ல. ஆலையில் எண்ணெயை மெல்லக் குளிரவைத்து, உறையும் பகுதியான ஸ்டியரினை வடிகட்டிப் பிரித்துவிடுகிறார்கள். பாட்டிலில் தெளிவாக நிற்கும் திரவப் பகுதியான ஓலின்தான் நமக்கு வருகிறது. ஸ்டியரின் சோப்பு ஆலைக்கும் மார்ஜரினுக்கும் போகிறது. ஆகவே பாக்கெட் எண்ணெய்ச் சோப்பு கடைச் சோப்பைவிட இளகலாக இருந்தால் கைத்திறன் குறைவு என்று வருந்த வேண்டாம். நான்கைந்து வாரம் காற்றோட்டமாக உலரவிட்டால் கெட்டியாகிவிடும். கவனிக்க வேண்டியவை வேறு. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது, தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியச் சட்டி ஆகவே ஆகாது, சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சோடாவைக் கணக்கைவிட 5 விழுக்காடு குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் கட்டியில் தங்கி, தோலுக்கு இதமாக இருக்கும். எரிவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வீட்டுச் சோப்புக்கு ஒரு மெய்யான மேன்மை உண்டு. விலகி வந்த கிளிசரின் அதிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிளிசரின் கிடைக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் இந்தப் பொருளைப் பெரிய ஆலைகள் பிரித்தெடுத்து மருந்துக்கும் முகப்பூச்சுக்கும் தனியே விற்கின்றன. சோப்பில் இழந்ததைக் களிம்பாக வாங்கிப் பூசுகிறோம்.

ஈப்போவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயில் இருப்பதும் அப்படியொரு குன்றின் மடியில்தான். இந்தக் குன்றடிக் கிணற்று நீரிலும் ஊற்று நீரிலும் கால்சியம் கரைந்திருக்கும். சோப்பு போட்டால் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்து, கரையாத வெள்ளைப் பிசுக்காகத் தோலிலும் வாளியிலும் படியும். 16 கார்பன் சவர்க்காரம் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும், லாரிக் சவர்க்காரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அத்தகைய நீரில் குளிப்பவர்களுக்குப் பருப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கூடுதலாகச் சேர்த்த சோப்புதான் பொருத்தம்.

தலைமுடிக்கு வருவோம். இங்கே தேங்காயெண்ணெய்க்கு உரிய பெருமையைக் கொடுத்தே தீர வேண்டும். 2003-இல் மும்பையின் மாரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள் ஆர்த்தி ரெலே, ஆர்.பி. மொஹிலே இருவரும் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் சோதித்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். குளிப்பதற்கு முன்போ பின்போ தடவினால், முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைத் தேங்காயெண்ணெய் கணிசமாகக் குறைத்தது. மற்ற இரண்டும் குறைக்கவில்லை. மாரிக்கோ தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் உறுதியானது: லாரிக் அமிலக் கொழுப்பு சிறியது, நேரானது, முடியின் செதில்களைத் தாண்டி உள்ளே நுழையும். உள்ளே எண்ணெய் இருந்தால் குளிக்கும்போது முடி தண்ணீர் குடித்து உப்பி, உலர்ந்து சுருங்கி நலிவது குறைகிறது. வெளியே மட்டும் நிற்கும் எண்ணெய் பளபளப்பைத் தரும், அவ்வளவுதான்.

காரணம் லாரிக் அமிலம் என்றால், பாதி லாரிக் கொண்ட செம்பனைப் பருப்பெண்ணெயும் இதே வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. சோதனை நடந்தது தேங்காயெண்ணெயில் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சதை எண்ணெயான பாமாயிலுக்கு இந்த எதிர்பார்ப்பு பொருந்தாது. அதன் சங்கிலிகள் நீளம். தலைக்குப் பாமாயில் வைக்காத நம் பாட்டிகள் சரியாகத்தான் செய்தார்கள். உறையும் குணத்திலும் தேங்காயெண்ணெயும் பருப்பெண்ணெயும் உறவு. தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியில் உறையும், பருப்பெண்ணெய் அதற்குச் சற்று மேலே. ஈப்போ வெக்கையில் இளகி நிற்கும் புட்டி, கேமரன் மலையில் தானா ராத்தாவில் காலையில் வெள்ளைக் கட்டியாகிவிடும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

ஷாம்புவிலும் இந்த எண்ணெய்களிடமிருந்து தப்ப முடியாது. நுரைக்கும் சோடியம் லாரில் சல்பேட்டின் 'லாரில்' பருப்பெண்ணெயிலிருந்தோ தேங்காயெண்ணெயிலிருந்தோ வருவது.

சிவப்புச் செம்பனை எண்ணெயைப் பற்றிய விளம்பரங்களில்தான் மிகை அதிகம். கச்சா எண்ணெயின் சிவப்புக்குக் காரணம் கரோட்டின், கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்கும். டோக்கோட்ரையினால் என்ற வைட்டமின் ஈ வகையும் உண்டு. உணவாகச் சாப்பிட்டால் இவை பயன் தரும். ஆனால் வழக்கமான சுத்திகரிப்பில் களிமண்ணால் வெளுத்து, 240 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாடை போக்கும்போது கரோட்டின் அழிந்துவிடுகிறது. வெள்ளைச் சோப்பில் வைட்டமின் ஏ இருப்பதாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. சிவப்பெண்ணெயில் செய்த சோப்பானாலும் ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் பொருளால் தோலுக்குச் சத்து ஏறாது. அழகான மஞ்சள் நிறம் கிடைக்கும், அதுவும் வெளிச்சத்தில் வெளுக்கும். முகப்பரு வரும் முகத்தில் தேங்காயெண்ணெய், பருப்பெண்ணெய் இரண்டையும் நேரடியாகப் பூசாமல் இருப்பது மேல். ஒலியிக் மிகுந்த எண்ணெய்களும் குற்றமற்றவை அல்ல. 2013-இல் வெளியான ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்புப் படலத்தைத் தளர்த்தியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. விலை கூடிய எண்ணெய் தோலுக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

செம்பனையின் மீதுள்ள பெரிய குற்றச்சாட்டைத் தாண்டிப் போக முடியாது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் காட்டை அழித்துத் தோட்டம் போட்டது உண்மை. ஓராங் ஊத்தானின் இருப்பிடம் சுருங்கியது உண்மை. 2020-இல் மலேசியாவின் இரண்டு பெரிய தோட்ட நிறுவனங்களின் எண்ணெய்க்குக் கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி அமெரிக்கச் சுங்கத்துறை தடை போட்டதும் பதிவில் உள்ளது. நம் பாட்டன்மார் இருந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடவுச்சீட்டும் கூலியும் அவர்கள் கையில் இருக்கின்றனவா என்பது நமக்கு வேறு யாரையும்விட நன்றாகப் புரிய வேண்டிய கேள்வி. அதற்காகச் செம்பனையை விட்டுத் தேங்காய்க்கு மாறினால் காடு பிழைக்கும் என்பது கணக்கில் நிற்காது. செம்பனை ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 3 டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. தென்னையின் சராசரி ஒரு டன்னைக்கூடத் தொடுவதில்லை. அதே சோப்புக்கு மூன்று பங்குக்கு மேல் நிலம் வேண்டும். மரத்தை மாற்றுவதைவிட, எங்கே நட்டார்கள், யாரை எப்படி நடத்தினார்கள் என்று கேட்பதில்தான் பலன் உண்டு. அப்படிக் கேட்டுச் சான்றிதழ் தரும் ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பு 2004-இல் உருவானது. உலகிலேயே அதன் முதல் சான்றிதழை 2008-இல் பெற்றது பேராக்கின் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ்தான்.

அடுத்த முறை சோப்பு வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. வேண்டாம் என்பவர்கள் ஒதுக்கிவிடலாம். பாமேட்டும் பாம் கெர்னலேட்டும் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. தோல் வறண்டவர்கள் பட்டியலில் கிளிசரின் இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பவர்கள் தொடர்ந்து வையுங்கள், குளிப்பதற்கு முன் வைப்பது நல்லது. கையால் செய்த சோப்பு என்று 20 வெள்ளி கேட்பவரிடம் இரண்டு கேள்விகள் போதும்: தேங்காயெண்ணெயோ பருப்பெண்ணெயோ எத்தனை பங்கு சேர்த்தீர்கள், சோடாவைக் கணக்கில் எத்தனை விழுக்காடு குறைத்தீர்கள்? இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் நம்பி வாங்கலாம்.